மோட்டார் வண்டியில் மின்னூட்டப் பழுதை அறிந்த வரலாறு

நெடுஞ்சாலையில் இரவில் செல்லும் கார் ஒன்றின் முன்விளக்குகள் சிறிது சிறிதாக மஞ்சள் நிறம் அடைகின்றன. ஹாரன் ஒலி கம்முகிறது. தேநீர்க் கடையருகே நிறுத்திய வண்டி மீண்டும் கிளம்ப மறுக்கிறது. பொழுது விடிந்ததும் உரிமையாளர் புதிய பாட்டரி ஒன்றை விலை கொடுத்து வாங்கிப் பொருத்துகிறார். வண்டி உடனே கிளம்புகிறது. அவரும் மனநிறைவுடன் பயணத்தைத் தொடர்கிறார். மூன்றாம் நாள் இரவு அதே மங்கல், அதே கம்மல், அதே நிறுத்தம். சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில், மொழி பழகாத ஒரு பட்டறையின் வாயிலில் நின்றிருக்கும் நம்மவர் பலருக்கு இந்த அனுபவம் புதிதன்று.

இந்த நிகழ்ச்சியில் பாட்டரி குற்றவாளி அன்று. குற்றத்துக்கு இரையானது அது. பாட்டரியை வீட்டுக் குதிருக்கு ஒப்பிடலாம். குதிரில் நெல் விளைவதில்லை. வயலில் விளைந்தது அதில் வந்து தங்குகிறது. வண்டியில் வயலின் இடத்தில் இருப்பது, எஞ்சினால் சுழற்றப்பெறும் மின்னாக்கி. விளைச்சல் நின்றபின் குதிரை மட்டும் மாற்றிப் பயன் என்ன? விளைச்சல் எங்கே நின்றது என்று கண்டறியும் கலைக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. வண்டியின் மின்னமைப்பு மாறும்போதெல்லாம் பழுதை அறியும் முறையும் மாறியாக வேண்டியிருந்தது என்பதே அவ்வரலாறு புகட்டும் பாடம்.

காந்தப் புலத்தில் கம்பியை அசைத்தால் அதில் மின்னோட்டம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டில் இலண்டனில் கண்டறிந்தார். ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் நிரப்பத்தக்க பாட்டரியைப் பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே 1859இல் செய்து காட்டினார். ஆக்கும் கருவியும் சேமிக்கும் கலமும் இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டன. ஆயினும் தொடக்க கால மோட்டார் வண்டிகளில் இவ்விரண்டும் ஒன்றாகக் குடிபுகவில்லை. வண்டியைக் கிளப்ப முன்புறத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டியிருந்தது. எஞ்சின் எதிர்பாராது பின்னோக்கி உதைத்தால் மணிக்கட்டு முறிவதும் உண்டு. இரவில் ஒளி தந்தது கார்பைடுக் கல்லில் நீர் சொட்டி எழும் அசிட்டிலின் வாயு.

இந்நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் டேட்டன் நகரில் பணியாற்றிய சார்லஸ் கெட்டரிங். கடைகளில் பணம் வாங்கும் பதிவுப் பொறியை மின்மோட்டாரால் இயக்கிக் காட்டிய அனுபவம் அவருக்கு இருந்தது. சிறிய மோட்டாரும் சில நொடிகளுக்குப் பெருஞ்சுமையைத் தாங்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவருடைய டெல்கோ நிறுவனம் ஆக்கிய மின் அமைப்பு 1912ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. கிளப்புதல், ஒளி தருதல், எஞ்சினுக்குள் தீப்பொறி தருதல் ஆகிய மூன்று பணிகளும் மின்சாரத்தின் பொறுப்பாயின. கிளம்பும்போது பாட்டரி இழப்பதை ஓடும்போது எஞ்சினே ஈடுசெய்ய வேண்டும் என்ற ஏற்பாடும் உடன் வந்தது. அன்றே மின்னூட்டப் பழுதும் பிறந்துவிட்டது எனலாம்.

சிக்கல் எங்கே எழுந்தது? நீர்வீழ்ச்சியால் சுழலும் மின்னாக்கி ஒரே சீராகச் சுழல்கிறது. வண்டியின் எஞ்சினோ சந்தியில் நிற்கும்போது ஊர்கிறது, வெளிச்சாலையில் பறக்கிறது. டைனமோவின் சுழற்சி கூடினால் மின்னழுத்தமும் கூடும். இக்கட்டுக்கடங்காத விளைச்சலை அடக்க முதலில் கையாண்ட உபாயம் மூன்றாம் பிரஷ். டைனமோவின் புலச்சுற்றுக்கு மின்னோட்டம் தரும் இந்தக் கூடுதல் கார்பன் துண்டு, வேகம் மிகும்போது காந்தப் புலம் தானாகவே தளரும்படி வைக்கப்பட்டிருந்தது. ஆனால், பாட்டரி நிறைந்திருக்கிறதா வறண்டிருக்கிறதா என்று அறியும் திறன் அதற்கு இல்லை. பகல் முழுதும் நீண்ட பயணம் சென்றால் நிறைந்த பாட்டரிக்குள்ளும் மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருந்தது. உள்ளிருந்த நீர் கொதித்து வற்றியது. அக்காலத்து அனுபவசாலிகள் பட்டப்பகலில் முன்விளக்குகளை எரியவிட்டுச் சென்றனர். அது வீண்பெருமை அன்று. மிகையான மின்சாரத்துக்கு வடிகால். கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என மின்னூட்ட அளவை மாற்றும் சாவி சில ஆங்கில வண்டிகளில் இருந்தது. ஓட்டுநரே அன்று ஒழுங்குபடுத்தும் கருவியாக விளங்கினார்.

டைனமோவுடன் கூடவே பிறந்த மற்றொரு சிறு கருவி கட்-அவுட். எஞ்சின் மெல்ல ஓடும்போது டைனமோவின் அழுத்தம் பாட்டரியின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடும். அவ்வேளையில் இரண்டும் இணைந்திருந்தால் ஓட்டம் திசைமாறி, பாட்டரியே டைனமோவைச் சுழற்ற முயலும். கால்வாய் நீர் ஆற்றுக்குத் திரும்பாதபடி காக்கும் மடையைப்போல, டைனமோவின் அழுத்தம் மேலோங்கும்போது மட்டும் கட்-அவுட் இணைப்பைத் தரும், தாழும்போது அறுத்துவிடும். 12 வோல்ட் வண்டிகளில் இது ஏறத்தாழ 13 வோல்ட்டில் மூடிக்கொள்ளும். இதன் தொடுமுனைகள் கருகினால் பாட்டரிக்கு எதுவும் சேராது. அவை உருகி ஒட்டிக்கொண்டால், வண்டியை நிறுத்திய பிறகும் பாட்டரி டைனமோவுக்குள் வடிந்து, கம்பிச்சுற்று புகைந்துவிடும். சேமிப்பு பெருகாததும் சேமித்தது ஒழுகிப்போவதும் வெவ்வேறு பழுதுகள் என்ற வேறுபாடு அந்நாளிலேயே தெளிவாகிவிட்டது.

1930களின் நடுவில் மின்னழுத்தத்தைத் தானே அளந்து அடக்கும் ரெகுலேட்டர் பரவலாயிற்று. கப்பல் விளக்கும் மிதிவண்டி விளக்கும் செய்து பெயர்பெற்ற பர்மிங்காம் நகரின் லூகாஸ் நிறுவனம் இதை ஆங்கில வண்டிகள் பலவற்றுக்கு வழங்கியது. அழுத்தம் வரம்பை எட்டியதும் ஒரு மின்காந்தம் சிறு தகட்டை இழுக்கும், புலச்சுற்றில் தடை ஒன்று குறுக்கிடும், அழுத்தம் தாழும், தகடு திரும்பும். ஒரு நொடிக்குள் இது பல பத்து முறை நிகழ்ந்து, மின்னழுத்தம் சமநிலையில் நிற்கும். கட்-அவுட்டும் ரெகுலேட்டரும் ஒரே கருநிறப் பெட்டியில் அமைந்தன. மூன்றாம் பிரஷ் மறைந்தது. பகலில் விளக்கெரிக்கும் வழக்கமும் உடன் மறைந்தது.

இனிப் பழுது நேர்ந்தால் குற்றம் டைனமோவிலா, பெட்டியிலா, இடைப்பட்ட கம்பியிலா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடைகாணப் பட்டறைக் கையேடுகள் வகுத்த சோதனை இன்றும் படித்து மகிழத்தக்கது. லூகாஸ் டைனமோவில் இரு முனைகள் உண்டு. பெரியது ‘டி’, விளைந்த மின்சாரம் வெளிவரும் வழி. சிறியது ‘எஃப்’, புலச்சுற்றின் வாயில். முதலில் இரு கம்பிகளையும் கழற்றிவிட வேண்டும். பெட்டியின் துணையும் தடையும் இல்லாமல் டைனமோ தனித்து நிற்கும். பின்னர் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, அவ்விணைப்புக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே வோல்ட்மீட்டரை வைத்து, எஞ்சினை மெல்ல விரைவுபடுத்த வேண்டும். முள் தடுமாற்றமின்றி விரைந்து ஏறினால் டைனமோ நல்லது. 20 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடலாகாது.

முள் சரிவர ஏறாத நிலையிலும் அது நிற்கும் இடம் நோயின் இருப்பிடத்தைச் சொல்லிவிடும். அசைவே இல்லையெனில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது அது உரசும் கம்யூடேட்டரில் அழுக்கு ஏறியிருக்கலாம். ஏறத்தாழ 1 வோல்ட்டில் நின்றால் புலச்சுற்றில் பழுது. இந்த 1 வோல்ட் எங்கிருந்து வந்தது? டைனமோவின் இரும்பில் முன்பு ஏறிய காந்தத்தின் எச்சம் சிறிது தங்கியிருக்கிறது. புலச்சுற்றின் உதவியின்றி அவ்வெச்சம் மட்டும் ஈட்டித் தந்த வருவாய் அது. 4 அல்லது 5 வோல்ட்டில் நின்றால் புலச்சுற்று உயிருடன் இருக்கிறது. சுழலும் ஆர்மேச்சரின் கம்பிகள் தம்முள்ளே குறுக்கிணைந்து விளைச்சலை விழுங்குகின்றன. ஒரே ஒரு கருவி. மூன்று வெவ்வேறு எண்கள். மூன்று வெவ்வேறு நோய்கள். டைனமோவைத் திறக்காமலே உள்ளே நடப்பதை அறிய முடிந்தது. டைனமோ குற்றமற்றது என்று தெரிந்தால் அடுத்துக் கம்பியையும், பின்னர் கட்-அவுட்டையும், இறுதியில் ரெகுலேட்டரையும் இதே முறையில் வினவலாம்.

இந்தியச் சாலைகளில் இக்கலை வேரூன்றிய காலம் நாடு விடுதலை பெற்றபின் வந்த ஆண்டுகள். வங்காளத்தின் உத்தரபாராவில் அம்பாசடரும் பம்பாயில் ஃபியட்டும் உருவாயின. சென்னையை அடுத்த பாடியில் 1961ஆம் ஆண்டில் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் தோன்றியது. மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய குழுமமும் பர்மிங்காம் நிறுவனமும் கூட்டாக அமைத்தது அது. வண்டிக்கு வேண்டிய மின் உறுப்புகள் தமிழ்நாட்டு மண்ணிலிருந்தே புறப்பட்டு, வடக்கிலும் கிழக்கிலும் ஓடிய வண்டிகளுக்குச் சென்றன. டில்லியின் காஷ்மீர் கேட், கல்கத்தாவின் மல்லிக் பஜார், சென்னையின் புதுப்பேட்டை போன்ற உதிரிப்பாகச் சந்தைகளைச் சுற்றி மின்பட்டறைகள் பெருகின.

அப்பட்டறைகளில் கையேடும் வோல்ட்மீட்டரும் எங்கும் கிடைத்தன என்று சொல்ல இயலாது. அவற்றின் இடத்தைக் கண்ணும் காதும் விரலும் நிரப்பின. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, அரை அங்குலத்துக்கு மேல் தளர்ந்தால் இறுக்கினார்கள். ஹைட்ரோமீட்டரில் அமிலத்தை உறிஞ்சி அதன் அடர்த்தியைப் பார்த்தார்கள். குளிர்நாட்டில் நிறைந்த பாட்டரிக்கு உரிய அளவு 1.270 முதல் 1.290 வரை, வெப்பநாட்டுக்கு 1.210 முதல் 1.230 வரை போதும் என்று அந்நாளைய ஆங்கிலக் கையேடுகளே தனியாகக் குறித்திருந்தன. இவ்வேறுபாட்டை அறியாதவர் நல்ல பாட்டரியையும் நோயுற்றது என்று தள்ளிவிட நேரும்.

மேலும் ஒரு சோதனை மிகவும் பெயர்பெற்றது. எஞ்சின் ஓடும்போதே பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிடுவார்கள். எஞ்சின் நிற்காமல் ஓடினால் டைனமோ மின்சாரம் தருகிறது, நின்றால் தரவில்லை. செலவில்லாத, கருவி வேண்டாத சோதனை. டைனமோவும் முரட்டுப் பிறவி ஆதலால் பெரும்பாலும் அதைப் பொறுத்துக்கொண்டது. தந்தை மகனுக்கும் ஆசான் சீடனுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தனர்.

ஓட்டுநரின் எதிரே இருந்த குறிகாட்டிகளும் இக்காலத்தில் மாறின. முன்னர் அம்மீட்டரின் முள் வரவையும் செலவையும் இருபுறமும் காட்டியது. பின்னர் அதன் இடத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கு வந்தது. இதன் ஒரு முனை பாட்டரியின் பக்கம், மறுமுனை டைனமோவின் பக்கம். இரு பக்கத்து அழுத்தமும் சமமானால் விளக்கு அணையும். சமமாயின என்பதைத்தான் அது சொல்கிறது. போதுமான மின்னோட்டம் சேர்கிறது என்று உறுதி கூறவில்லை. அணைந்திருந்த விளக்கை நம்பிச் சென்று நடுவழியில் நின்றவர்கள் பலர். சாவியைத் திருப்பியவுடன் விளக்கு எரியாமலே இருந்தால் அதுவும் ஒரு பழுதின் குறியே என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இதற்கிடையே அமெரிக்காவில் பெரிய மாறுதல் நிகழ்ந்தது. டைனமோவில் முழு மின்னோட்டமும் பிரஷ் வழியாகவே வெளிவர வேண்டும். சந்தியில் நிற்கும்போது விளைச்சல் மிகச் சிறிது. அக்காலச் சிறு வண்டிகளின் டைனமோ 20 ஆம்பியர் அளவே தந்தது. மாறுமின்னோட்டம் தரும் ஆல்ட்டர்னேட்டர் இதைவிடச் சிறந்தது என்பது தெரிந்ததே. ஆனால் அம்மின்னோட்டத்தை ஒரு திசைப்படுத்தினால் அன்றிப் பாட்டரிக்குள் செலுத்த இயலாது. அதற்கு ஏற்ற மலிவான, சிறிய சிலிக்கன் டையோடுகள் 1950களில் கிடைக்கத் தொடங்கின. கிரைஸ்லர் நிறுவனம் 1960ஆம் ஆண்டின் வேலியன்ட் வண்டியில் ஆல்ட்டர்னேட்டரைப் பொருத்தியது. இதில் சுழல்வது காந்தம்; பிரஷ் வழியே செல்வது சில ஆம்பியர் மட்டுமே; மெல்ல ஓடும்போதும் மின்னூட்டம் உண்டு. டையோடு ஒருவழிப் பாதை ஆதலால் கட்-அவுட்டுக்கு வேலையே இல்லாமற் போயிற்று.

ஆயின், டைனமோவின் முரட்டுத்தன்மை ஆல்ட்டர்னேட்டருக்கு இல்லை. ஓடும் எஞ்சினில் பாட்டரி முனையைக் கழற்றினால், அதுவரை பாட்டரிக்குச் சென்ற மின்னோட்டம் போக்கிடமின்றி அழுத்தமாக எழும்பி, கண்ணிமைக்கும் நேரத்தில் டையோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடக்கூடும். பாட்டரியை முனை மாற்றி இணைத்தாலும் டையோடுகள் கருகும். ஆங்கில வண்டிகள் பலவற்றில் முன்பு நேர்முனையே உடலுடன் இணைந்திருந்தது. ஆல்ட்டர்னேட்டர் வந்தபின் எதிர்முனை இணைப்பே வழக்கமாயிற்று. பழைய பழக்கத்தில் கைபோன போக்கில் இணைத்தவர்கள் பெரும் நட்டமடைந்தார்கள். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 போன்ற வண்டிகள் நாடெங்கும் பரவிய ஆண்டுகளில், நேற்றுவரை மெய் சொன்ன சோதனையே இன்று பழுதை உண்டாக்கும் செயலாயிற்று. வண்டி நலமாக வந்து பட்டறையில் சோதனையாலேயே நோயுற்றுத் திரும்பியதும் உண்டு. கைத்திறனில் குறையில்லாத நல்ல தொழிலாளிகளே இதில் சிக்கினர். பொறி மாறியதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை என்பதே குறை.

சிவப்பு விளக்கின் பொறுப்பும் மாறியது. பல ஆல்ட்டர்னேட்டர்களில் சுழலும் காந்தத்துக்குத் தொடக்க மின்னோட்டம் அவ்விளக்கின் வழியேதான் செல்கிறது. அத்தகைய வண்டியில் அச்சிறு பல்பு எரிந்துபோனால் மின்னூட்டமே தொடங்காமல் போகலாம். முன்பு செய்தி மட்டும் கொண்டுவந்த தூதன், இப்போது வேலையிலும் பங்குகொண்டான். சில ரூபாய் பல்பு ஒன்றுக்காக முழு ஆல்ட்டர்னேட்டரையும் மாற்றியவர்களின் கதையை இதனால் விளங்கிக்கொள்ளலாம்.

இன்று கையடக்கமான மல்டிமீட்டர் எல்லா ஊர்களிலும் கிடைக்கிறது. அதைக்கொண்டு மூன்று எண்களைப் பார்த்தாலே பெரும்பாலான ஐயங்கள் தீரும். இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பாட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 12க்கு இறங்கியிருந்தால் அது ஏறத்தாழ வறண்டுவிட்டது. எஞ்சின் ஓடும்போது அதே முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். முன்விளக்கையும் விசிறியையும் இயக்கியபின்னும் எண் 13க்குக் கீழே போகலாகாது. ஓய்வில் எண் குறைந்து, ஓட்டத்தில் சரியாக இருந்தால் விளைச்சலில் குறையில்லை. பாட்டரி முதுமை அடைந்திருக்கலாம், அல்லது நிறுத்திய வண்டியில் ஏதோ ஒன்று இரவெல்லாம் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். ஓட்டத்தில் எண் ஏறவே இல்லையெனில் பெல்ட்டையும் இணைப்புகளையும் முதலிலும் ஆல்ட்டர்னேட்டரைப் பின்னரும் பார்க்க வேண்டும். ஆல்ட்டர்னேட்டரின் முனையில் 14.4 இருந்து பாட்டரி முனையில் 13.2 மட்டும் இருந்தால் இடையே 1.2 வோல்ட் எங்கோ சிதறுகிறது. கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றிலும் மழைக்காலத்திலும் முனைகளில் பூக்கும் பச்சைப் படலமே அதற்குக் காரணமாக இருக்கலாம். அதைச் சுரண்டித் துடைக்க ஆகும் செலவு மிகச் சிறிது.

டில்லிக் குளிரில் வாழ்பவர் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வெப்பம் பாட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. குளிரோ அந்நேரத்துத் திறனைக் குறைக்கிறது. கோடையில் உள்ளே நலிந்த பாட்டரி அதை வெளிக்காட்டாமல் இருந்து, ஜனவரி விடியலில் கைவிடுகிறது. அன்று குற்றம் குளிரின்மேல் விழுகிறது. விதை மே மாதத்திலேயே விழுந்துவிட்டது.

கதை இத்துடன் முடியவில்லை. அண்மைக் கால வண்டிகள் பலவற்றில் எவ்வளவு மின்னூட்டம் வேண்டும் என்பதைக் கணிப்பொறியே முடிவு செய்கிறது. எரிபொருளைச் சிக்கனப்படுத்த அது வேண்டுமென்றே அழுத்தத்தைத் தாழ்த்துவதும் உண்டு. அவ்வேளையில் 12.8 என்ற எண்ணைப் பார்த்து ஆல்ட்டர்னேட்டரைக் கழற்றினால், அதுவும் ஓடும் எஞ்சினில் பாட்டரி முனையைக் கழற்றிய செயலுக்கு ஒப்பானதே. மின்சாரக் கார்களில் ஆல்ட்டர்னேட்டரே இல்லை. பெரிய பாட்டரியிலிருந்து மாற்றி ஒன்றின் வழியே 12 வோல்ட் பாட்டரி நிரம்புகிறது. அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றது. பம்பாயின் பழைய பிரீமியர் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் விடைபெற்றன. அவற்றோடு டைனமோக் காலத்துச் சோதனைகளும் ஓய்வு பெறுவது நியாயமே.

ஓய்வு பெறாதது ஒன்று உண்டு. ஒவ்வோர் உறுப்பையும் வரிசையாகத் தனித்து நிறுத்தி, அளந்து கேட்டு, விடை பெற்ற பின்னரே குற்றம் சாட்டுவது என்னும் அந்தப் பழைய கையேட்டு நெறி. தேநீர்க் கடையருகே நின்ற நம் நண்பர் புதிய பாட்டரி கேட்பதற்கு முன், “எஞ்சின் ஓடும்போது எத்தனை வோல்ட் காட்டுகிறது?” என்று கேட்டிருந்தால் ஒரு பாட்டரியின் விலையும் இரண்டாம் இரவின் இடரும் மிஞ்சியிருக்கும். பட்டறைக்காரர் வங்காளத்தில் விடை சொல்லலாம், மராத்தியில் சொல்லலாம். மீட்டரில் தெரியும் எண்ணைப் படிக்க எந்த மொழியும் தடையில்லை.